எலிசாளின் ஒன்பது கொட்டான்கள்

என் தகப்பனார் எட்டு வருஷம் வலிக்கு இடுப்புத் துண்டை வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டே நடந்து செத்துப்போனார். தினமும் என்ன தின்கிறாய் என்று ஒரு டாக்டரும் அவரைக் கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் வியாழக்கிழமை காலையில் எலிசாள் என் பெஞ்சில் மரச்சீனித் தோலை, மரவள்ளிக் கிழங்குத் தோலைத்தான், கொட்டும்போது திட்டாமல் இருக்கிறேன். வேறு யாராவது கொட்டினால் விடமாட்டேன். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டர் நான். அந்த வராந்தாவைப் பெருக்குகிறவனும் நான்தான்.

எலிசாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பாறசாலைக்குத் தெற்கே பனங்காட்டு ஊர், ஓலைப்பெட்டி முடைகிறவள். முதல் பஸ்ஸில் கிழக்கேகோட்டையில் இறங்கி நடந்தே வருவாள். பேசும்போதும் விரல் சும்மா இராது. ஓலை இல்லாவிட்டால் சேலை முந்தியைப் பின்னும். பதினைந்து வருஷத்து வயிற்றுப் புண்ணுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாமியா. "அந்தியானா வந்து நொட்ட சொல்லிட்டுக் கெடப்பா" என்பாள்.

இந்தப் புண் ஏன் வருகிறது என்று எங்கள் டாக்டர் ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஓணம் முதல் ஆராய்கிறார். நோட்டில் இருந்ததெல்லாம் பட்டணத்து வயிறுகள். கிராமத்தாரும் வேண்டும் என்று அவர் கேட்டதும், எலிசாள் ஊரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்தாள். வயிற்று நீரை எடுக்க ரப்பர் குழாயை முழுங்க வேண்டும் என்றதும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடப் பார்த்தார்கள். அவள் முதலில் உட்கார்ந்து முழுங்கினாள். குழாயை எடுத்ததும், "தவள பாம்ப முழுங்கியாச்சு. இனி நீங்க வாங்க" என்றாள்.

கெடுத்தது அவர்கள் வாய். என்ன சாப்பாடு என்று கேட்டால் எல்லோரும் "சோறு, மீன்கறி" என்றார்கள். தாசையன் என்பவன் நெய்யும் சேர்த்துக்கொண்டான். ஒரே பதிலையே ஒரு மாதம் எழுதிவிட்டு டாக்டர் பேனாவை மூடி, என் பக்கம் திரும்பினார். "இது சரியாவில்ல, தாணு. இனி சிட்டிக்காரங்க மட்டும் போதும். இவங்க பேரையெல்லாம் வெட்டிடு."

வாசலில் நின்ற எலிசாள் அனுமதி கேட்காமலே அறைக்குள் நுழைந்தாள். "வெட்டாதீங்க சாரே. பொய்யாக்கும் சொன்னாவ. பகலும் மரச்சீனி, ராத்திரியும் மரச்சீனின்னு பெரிய டாக்டருக்க முன்னால சொல்ல நாக்கு கூசும்லா? பொண்ணு பாக்க வந்தவனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லிப்போட்டாவ. ஒரு வாரம் தாங்க."

அடுத்த வியாழன் சின்னப் பெட்டிகளாக முடைந்த ஒன்பது ஓலைக் கொட்டான்களோடு வந்தாள், ஆளுக்கொன்று. ஒரு வாரமாக ஒவ்வொருவரும் மரச்சீனி தின்ற வேளைக்கு ஒரு துண்டுத் தோல் போட்டிருந்தார்கள். சோறு உண்ட வேளைக்கு ஒரு நெல்மணி. வலி வந்த நாளுக்கு ஒரு புளியங்கொட்டை. வாய் திறக்கவே வேண்டாம். பெஞ்சில் கொட்டினால் எங்கும் தோல். நெல் மொத்தம் ஐந்து. தாசையன் கொட்டானில் அதுவும் இல்லை.

"நெய்யி எங்கலே?" என்றாள் அவனிடம். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் குனிந்து தம் கையாலேயே எண்ணினார். பெயர் எதுவும் வெட்டப்படவில்லை. இப்போது பக்கத்து ஊரிலிருந்தும் ஆறு பேர் வருகிறார்கள். அவர் கொடுக்கும் பால்பொடியிலும் மருந்திலும் எலிசாளின் புளியங்கொட்டை வாரத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகிவிட்டது. "மாமியா மக வீட்டுக்குப் போயிருக்கா" என்கிறாள்.

போன வியாழன் வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"துண்ட ஏன் அண்ணாச்சி இப்பிடி எறுக்கிக் கெட்டியிருக்கிய?"

"வாயு" என்றேன்.

"நேத்து ராத்திரி என்ன தின்னிய?"

"சோறு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் பாதி முடைந்திருந்த கொட்டானை முடித்து, நீட்டிக்கொண்டிருந்த ஓலை நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, என் பக்கம் தள்ளினாள்.

"புளியங்கொட்டயக் கொறச்சுப் போடாதீங்க."