தணிகாசலத்தின் சாக்ஸ்

போன திங்கட்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. விழுப்புரத்தில் எங்கள் அலுவலகம். வாசல்படியில் எப்போதும் படுத்திருக்கும் நாயைத் தாண்டி உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டது சாக்ஸ். மேசைக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ... அதன்மேல் காயப்போட்ட ஈர சாக்ஸ்.

சொந்தக்காரர் தணிகாசலம். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவர். வந்து உட்கார்ந்ததும் கால்களுக்கு விடுதலை கொடுத்துவிடுவார். ஜன்னல் திறந்திருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. கோடைக்கு ஏசி மாட்டினார்கள். ஜன்னலை மூடினோம். தெரிந்துவிட்டது.

பக்கத்து மேசை கௌரிக்கு இது மூன்றாம் மாதம். அன்றும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தவள், சம்பளம் போனாலும் பரவாயில்லை, பிரசவம் வரை லீவு போட்டுவிடலாமா என்று கேட்டாள். நான் தணிகாசலத்திடம் பேசிப் பார்க்கட்டுமா என்றேன்.

"வேணாம் சார். எனக்குன்னு டெய்லி மல்லாட்டை அவிச்சி எடுத்துக்கினு வர்றாரு. அவர்கிட்ட போயி கால் நாறுதுன்னா சொல்லுவீங்க?"

நியாயம்தான். தினமும் வேர்க்கடலை அவித்துக் கொண்டுவருகிற மனிதர். ஃபைலில் தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். காலில் என்றால்? அதுவும் ஒரு நல்ல மனிதரின் காலில்?

ரூம் ஸ்பிரே அடித்துப் பார்த்தோம். வாசனை பிரமாதம், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரித்தார் தணிகாசலம்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது கௌரிதான். அவள் மாமியார் பௌர்ணமிக்குத் திருவக்கரை போனபோது வாங்கிய அம்மன் படம் ஒன்று வீட்டில் இருந்தது. புதன்கிழமை அதை எங்கள் அறையில் மாட்டிப் பொட்டு வைத்தோம். சாமி இருக்கிற அறைக்குள் யார் ஷூவோடு வருவார்கள்? முதலில் மேனேஜர் வாசலில் கழற்றினார். பின்னாலேயே நான்.

தணிகாசலம் வந்தார். படத்தைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போய் ஷூவைக் கழற்றினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்... சாக்ஸையும் கழற்றினார். குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இத எப்பவோ செஞ்சிருக்கணும் சார். சாமி படம் இல்லாம என்னா ஆபீசு?"

மறுநாள் திண்டிவனத்திலிருந்து மல்லி வாங்கி வந்தார் — படத்துக்கு ஒரு முழம், கௌரிக்கு ஒரு முழம். இந்த வாசனை குமட்டாதா என்று ரகசியமாகக் கேட்டேன்.

"இது தாங்கும் சார்" என்று தலையில் வைத்துக்கொண்டாள். லீவுப் பேச்சு அத்தோடு நின்றது.

எல்லாப் பழக்கத்தையும் திருத்தத்தான் வேண்டுமா என்ன? சிலவற்றை வாசலுக்கு வெளியே நகர்த்தினால் போதும் போலிருக்கிறது.

ஷூவும் சாக்ஸும் இப்போது வாசல்படியில் இருக்கின்றன. நாய் எதிர்க்கடை வாசலில் படுத்துக்கொள்கிறது.