மல்பெரிக் கொம்பு வில்

குருபரப்பள்ளி நிறுத்தத்தில் எங்கள் கம்பெனி பஸ் நின்றபோது, பக்கத்தில் ஒருவர் பைக்கில் கட்டி வைத்திருந்த மல்பெரித் தழையின் பச்சை வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

எனக்குப் பதினோரு வயதில் நடந்தது இது. தளி ஊருக்குப் பக்கத்தில், காட்டோரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்த்தோம். அந்த ஐப்பசியில் புழு கூடு கட்ட நாலே நாள் இருந்தது. தினமும் விடியும்போது ஒரு புள்ளிமான் வந்து தழையை மேய்ந்தது. தழை குறைந்தால் புழு பட்டினி. அம்மா தகரத்தைத் தட்டினால், அது நாலடி தள்ளிப் போய் நின்று மேயும்.

நான் மல்பெரிக் கொம்பை வளைத்து, பட்டு நூலை முறுக்கி நாணாகக் கட்டினேன். மூங்கில் குச்சியின் முனையில் தீட்டிய சைக்கிள் கம்பியைச் செருகினேன். சாக்கு மூட்டையில் எய்து பழகியதில் விரல் தோல் உரிந்தது.

"வேணாண்டி, அது பாவம்," என்றாள் அம்மா.

"அப்ப புழு பாவமில்லியா?"

வாசனை ஆகாது, புழு செத்துவிடும் என்று எங்கள் வீட்டில் பவுடர், பூ எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, வரப்பில் குந்தியிருந்த என்னை மான் கண்டுகொள்ளவில்லை. பத்தடியில் வந்து தழையைக் கடித்தது. இழுத்து விட்டேன். கழுத்தில் அம்போடு காட்டுக்குள் ஓடிவிட்டது.

அம்மா வந்து பார்த்தாள். தழையெல்லாம் ரத்தம். அந்தச் செடியை அடியோடு அறுத்து, வில்லையும் சேர்த்து அடுப்பில் வைத்தாள். "ஃபாரஸ்ட்காரங்க, வேற யாரு கேட்டாலும் மான் தப்பிடுச்சுன்னு சொல்லு."

அந்த முறை கூடு நன்றாக விளைந்தது.

பஸ் கிளம்பியது. முப்பது வருஷமாக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். யாருமே கேட்கவில்லை.