எதிரே ஆள் நின்றால்தான் வேலை

என் அக்கா வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஜெராக்ஸ்காரர் என்று கேட்டால் கடைவாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் எட்டடிக்குப் பத்தடி இடம். இரண்டு நகல் இயந்திரங்கள், ஒரு கலர் பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், மூலையில் ஸ்பைரல் பைண்டிங் மெஷின். அந்த மெஷினுக்கு முன்னால் முக்காலி போட்டு என் அக்கா. அத்தானின் கம்ப்யூட்டருக்கும் அக்காவின் முக்காலிக்கும் நடுவில் நாலடி இருந்தால் அதிகம்.

அத்தானுக்கு ஒரே ஒரு கர்வம்தான். கடைக்கு வரும் காகிதம் எதையும் அவர் படிக்க மாட்டார். எதிரே ஆஸ்பத்திரி, அடுத்த தெருவில் கோர்ட். உயில் வரும், விவாகரத்து மனு வரும், ரத்தப் பரிசோதனை முடிவு வரும், மொட்டைக் கடுதாசிகூட வரும். ஓரம் சரியாக விழுந்திருக்கிறதா, மை அப்பியிருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். "ஊரான் காயிதத்தைப் படிக்கிறதும் ஊரான் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கிறதும் ஒண்ணுதான் மாப்ள" என்பார். நான் முன்பு ஒரு குளிர்பதனக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். அந்த வேலையை ராஜினாமா செய்யும் கடிதத்தை அவர்தான் தம் கையால் அச்சடித்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து, "கம்பெனியில எல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நடிப்பில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது.

ஈமெயில் வந்த பிறகு இந்தக் கர்வத்தோடு ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் வந்த மெயிலையெல்லாம் அச்சடித்து வைத்துவிடுவார். அனுப்பியவன் வரவே மாட்டான். அறுபது பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அனாதையாகக் கிடக்கும். சலித்துப்போய் ஒரு நாள் முடிவுகட்டினார்: எதிரே ஆள் நின்றால்தான் வேலை. ஆள் வந்து கவுண்டரில் கையை ஊன்றி, "அனுப்பிட்டேன் சார்" என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் மெயிலைத் திறப்பார், அச்சடிப்பார், மூடுவார். ஆள் இல்லாத மெயில் அவரைப் பொறுத்தவரை வரவே இல்லை. 'அப்பா ஸ்கேன்', 'அவசரம்', 'பிரிண்ட்' என்று தலைப்போடு கொஞ்சம், தலைப்பே இல்லாமல் மிச்சம் என்று, திறக்காத மெயில்கள் ஆயிரக்கணக்கில் சேரும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் அனுப்பியது என்று விட்டுவிடுவார்.

அதைக் கூட்டித் தள்ளத்தான் நான். வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்காருவோம். அக்காவுக்குத் தெரிந்தவரை, நான் காற்று ஊதும் மெஷினை எடுத்துக்கொண்டு நகல் இயந்திரத்தின் தூசியை ஊதப் போகிறேன். அதையும் செய்வேன். பிறகு கம்ப்யூட்டர். திரை முழுக்க 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் 2' என்று ஆரம்பித்து அறுபத்தொன்று வரை போகும். யார் யாருடைய அடையாள அட்டையோ, யாருடைய குழந்தையோ, எல்லாம் போகும். கடைசியில் மெயில். ஒரு மாசத்துக்கு முந்தின, திறக்காத மெயில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. அதோடு விடுகிற ஆள் இல்லை நான். குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு மாப்ள" என்பார் அத்தான். "குப்பையை அளக்கிறவன் உருப்பட மாட்டான் அத்தான்" என்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைப் பார்த்தே சொல்வாள். ஆறு வருஷம் இப்படித் துப்புரவு செய்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பெண். எட்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். அத்தான் வாசலில் நின்று சொல்லக் கூடாததெல்லாம் சொன்னார். அவள் போன் செய்துவிடுவாளே என்று மறுநாளே கடை நம்பரையும் தன் நம்பரையும் மாற்றினார். அக்காவுக்குத் தனியாகப் போன் கிடையாது. அடுத்த வருஷம் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கடையும் மாடியில் இருந்த வீடுமாகச் சேர்ந்து இந்தத் தெருவுக்கு வந்துவிட்டது. ஆக, நம்பர் போயிற்று, விலாசமும் போயிற்று. மாறாமல் இருந்தது கடையின் மெயில் முகவரி ஒன்றுதான். அதை ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான், படிக்கிற காலத்தில்.

அத்தானுக்கு அது தெரியாமல் இல்லை. முதல் மூன்று மாசம் கடை மூடும்போது அவள் பெயர் இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். இல்லை. அப்புறம் விட்டுவிட்டார். கோபம் தணிந்த பிறகு மருமகன் வேலை பார்த்த இடத்துக்கு நானும் அவரும் போய் விசாரித்தோம். ஊரைவிட்டே போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். "வழி தெரியாமயா இருக்கா? மனசு இல்ல அவளுக்கு" என்பாள் அக்கா, பிளாஸ்டிக் கம்பியைத் துளைகளில் கோத்துக்கொண்டே. கல்நெஞ்சக்காரி என்றும் சொல்வாள். ஆனால் அந்த வயதுப் பெண் யார் கவுண்டரில் வந்து நின்றாலும் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். எங்கேயோ உயிரோடு இருக்கிறேன், உங்களை வெறுக்கவில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்த வீட்டுக்கு வேறு எந்தக் குறையும் இல்லை.

போன வருஷக் கடைசி ஞாயிறு நான் போனபோது அத்தான் தலையில் கை வைத்திருந்தார். மெயில் பெட்டி நிரம்பி வழிந்து இரண்டு நாளாக யார் அனுப்பினாலும் திரும்பிப் போகிறதாம். அது போதாதென்று, காலண்டருக்குப் போட்டோ அனுப்பி ஒரு வாரமாகிறது என்று மருந்துக்கடைக்காரர் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார். விளம்பர மெயில்களைத் தள்ளியதில் கொஞ்சம்தான் இடம் கிடைத்தது. சீக்கிரம் நிறைய இடம் வேண்டுமே என்று நான் எடை அதிகமான மெயில் முதலில் வரும்படி அடுக்கினேன். முதல் வரியில் ஒன்று நின்றது. பதினைந்து போட்டோக்கள். தலைப்பு இல்லை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். என் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போய்விட்டது.

"இரு மாப்ள. மருந்துக்கடைக்காரர் போட்டோவா இருக்கும்."

"இது ஒம்போது மாசத்துக்கு முந்தினது அத்தான்."

"அவர் எப்ப அனுப்பினாலும் போன வாரம்னுதான் சொல்லுவார். திற."

திறந்தேன். ஒரு சிறுமி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் இல்லை, ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. அடுத்ததிலும் அவள்தான், ஒரு நாய்க்குட்டியோடு. மூன்றாவது படத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தாள், இளைத்திருந்தாள், நெற்றி மட்டும் அப்படியே என் அக்காவின் நெற்றி. அத்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். படங்களுக்குக் கீழே எழுத்து இருந்தது. ஊரான் காகிதத்தைப் படிக்காத மனிதர் திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

'அப்பா, இது ஏழாவது மெயில். வருஷா வருஷம் இவள் பிறந்தநாளன்று எழுதுகிறேன். இன்றைக்கு ஆறு வயது முடிந்தது. நீங்கள் பதில் போட மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அம்மாவிடம் காட்டியிருப்பீர்கள், அம்மாவாவது ஒரு வரி எழுதச் சொல்வாள் என்று இருந்தேன். இவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்தே முதல் மெயிலில் ஒன்று கேட்டேனே, அதற்கு மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இவர் கம்பெனியை மூடுகிறார்கள். நான் எழுதுகிற இந்த மெயில் முகவரியும் மாசக் கடைசியோடு போய்விடும். ரொம்ப தூரம் போகிறோம். இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன். போட்டோக்களை அம்மாவிடம் கொடுங்கள்.'

அத்தான் மூன்றாவது முறை படித்துவிட்டுக் கேட்டார். "ஏழாவதுன்னா மத்த ஆறு எங்க மாப்ள?"

அந்தக் கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது, கண்ணெதிரே இருப்பது. குப்பைத் தொட்டியைத் திறந்தேன். அதில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியாதா? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனாலும் திறந்தேன். அத்தான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னை எழச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். இரண்டு விரலால் தட்டித் தட்டி, 'வாம்மா' என்று மட்டும் எழுதி அனுப்பினார். பத்து நொடிகூட ஆகவில்லை, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. "நம்ம பொட்டி நிரம்பியிருக்கில்ல, அதனாலதான்" என்றார். பெரிய மெயில்களாகப் பார்த்து நாற்பது ஐம்பதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினார். திரும்பி வந்தது. இன்னும் நூறு அழித்தார். நான் அந்தக் கம்பெனியின் போன் நம்பரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது.

அப்போதுதான் அக்கா டீ எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தவள் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு டம்ளர்களைக் கவுண்டரில் வைத்தாள்.

"என்னங்க?"

அத்தான் மெயிலையும் பதினைந்து படங்களையும் அச்சுக்குக் கொடுத்தார். கலர் பிரிண்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது. அக்கா ஈரம் காயாத படங்களை எடுத்துப் பார்த்தாள். சிறுமியை ரொம்ப நேரம் பார்த்தாள். "பல்லு விழுந்திருக்கு" என்றாள். பிறகு கடிதத்தைப் படித்தாள். அவள் அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை.

"மொத மெயில்ல என்ன கேட்டிருந்தா?"

அத்தான் பிரிண்டரின் காகிதத் தட்டை இழுத்து மறுபடி செருகினார்.

"உங்களத்தான் கேக்கிறேன். ஆஸ்பத்திரியில இருந்து என்ன கேட்டா?"

"அது இல்லக்கா" என்றேன். "அழிஞ்சு போச்சு. ஆறுமே."

"யாரு அழிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தேன் என்பது சத்தியம். வார்த்தை வருவதற்குள் அத்தான், "நான்தான்" என்றார். "வருஷக் கடைசியில இடம் பத்தலைன்னு மொத்தமா அழிச்சேன். திறந்து பாக்கல."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா அவரையே பார்த்தாள். "என்னை வரச் சொல்லியிருப்பாளோ? புள்ளைய வச்சுக்கிட்டுத் தனியாக் கெடந்திருப்பா. அம்மாவ அனுப்புங்கன்னு கேட்டிருப்பாளோ?" என்றாள். படங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நம்பரை மாத்தினவன் நான். இதையும் நானே வச்சுக்கிறேன். அவளுக்குப் பேசறதுக்கு ஒரு ஆள் வேணும் மாப்ள, நீயாவது இரு" என்றார். திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடியும் 'வாம்மா' என்று தட்ட ஆரம்பித்தார்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. அத்தான் இப்போது எல்லா மெயிலையும் படிக்கிறார். ஆள் நின்றாலும் படிக்கிறார், நிற்காவிட்டாலும் படிக்கிறார். கவுண்டரில் நிற்கிறவர்கள், "சார், சீக்கிரம்" என்று கத்துகிறார்கள். யாருடைய ஸ்கேனையோ, யாருடைய மனுவையோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அச்சடிக்கிறார். எதையும் அழிப்பதில்லை, மெயில் பெட்டிக்கு மாசாமாசம் கூடுதல் இடம் வாங்கிக்கொண்டிருக்கிறார். மருமகனோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். கப்பல் ஏறிப் போனார்கள் என்கிறான் ஒருவன், இல்லை என்கிறான் இன்னொருவன்.

அக்கா முக்காலிக்குத் திரும்பிவிட்டாள். கம்பி கோக்கிறாள். அத்தானோடு ஒரு சொல் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை நான் போகும்போது என்னிடம் சொல்லி அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறாள். அந்த முதல் மெயிலைப் பற்றியேதான் பேச்சு. பணம் கேட்டிருப்பாளோ, பெயர் வைக்கச் சொல்லியிருப்பாளோ, மன்னிப்புக் கேட்டிருப்பாளோ என்று வாரத்துக்கு ஒன்று கண்டுபிடிக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வாரமும் போகிறேன்.

போன வாரம் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்த ஆளுக்கு ஒரு தடவையாவது திறந்து பாக்கணும்னு தோணல பாரு" என்றாள். "நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா அழிக்க விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்க்கா" என்றேன்.