டோலினாவின் மே மாதம்

மீனின் வயிற்றைக் கீறிக் குடலை உருவிக்கொண்டே, "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?" என்கிறாள் டோலினா மக்காஸ்கில். மீன் வேனின் பின்கதவில் வரிசையில் நிற்பவர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள். அவளே சொல்வாள்: "ஏப்ரல் பதினாறு. கலோடன் போர்க்களம். சண்ட ஒரு மணி நேரங்கூட நடக்கல, நம்ம ஆளுங்கள அறுத்துப் போட்டானுங்க." கத்தி அடுத்த மீனுக்குப் போகும்.

"ஏன்க்கா, ஹாடாக் மீன் கேட்டா வரலாறு போடுற?" என்பாள் தபால் நிலையத்து இஷ்பெல்.

"வரலாறு சும்மாதான்டி. மீனுக்குத்தான் காசு."

ஸ்காட்லாந்தின் இந்த மேற்குக் கரைச் சாலை நெடுக அவள் வேன்தான் மீன்கடை. கண்ணாடியில் எப்போதும் ஒரு செதில் ஒட்டியிருக்கும், துடைக்க மாட்டாள். சாலையை மறித்து ஆடுகள் படுத்திருந்தால் மற்றவர்கள் ஹாரன் அடித்துக் காத்திருப்பார்கள். டோலினா சன்னலை இறக்கிவிட்டுச் சண்டைக்கே போய்விடுவாள். "எங்க வீட்டப் புடிச்சது பத்தாதா? ரோட்டையும் புடிச்சிட்டியா? எந்திரி!" ஆடுகள் அசைபோட்டபடி அவளைப் பார்க்கும்.

மற்ற தேதிகளெல்லாம் வாயோடு போய்விடும். மே பதின்மூன்று மட்டும் நெஞ்சில் நின்று எரியும். ஆடு வளர்க்க இடம் வேண்டுமென்று ஜமீன் ஆட்கள் ஓரன் பள்ளத்தாக்கின் கூரைகளைக் கொளுத்திய நாள் அது. கொளுத்துவதற்கு முன்னால் வீடு வீடாக அடுப்பை அணைத்தார்கள். இனி இங்கே சமையல் இல்லை என்று அதற்கு அர்த்தம். ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் மொள்ளச் சோம்பல்பட்டு, பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலையே ஊற்றி அணைத்தார்கள். பிறகு, அங்கே மாடு மேய்த்த அவள் முன்னோர்களைக் கரைக்குத் துரத்திப் படகைக் காட்டினார்கள். "நான் மீன் நாத்தத்தோட அலையறேன்ல? அவனுங்க குடுத்த சொத்து இது" என்பாள்.

அன்றைக்கு வேன் கிளம்பாது. தனியாகப் பள்ளத்தாக்குக்கு ஏறிப்போய், இடிந்த சுவர்களுக்கு நடுவே முன்னோர் வீட்டு அடுப்புக்கல் பக்கத்தில் நிற்பாள். அந்த மாதம் முழுக்க அவள் தேநீரில் பால் கிடையாது. யாராவது நீட்டினால், "ஜூன்ல குடு" என்பாள்.

இந்த வருஷம் இருநூறாவது ஆண்டு. இம்முறையாவது ஊரே தன்னோடு மேலே ஏறும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். விழாக்குழுவின் தலைவர், ஹோட்டல் முதலாளி ஃபார்கர் இன்னெஸ். அவள் வேனில் இருந்த நேரமாகப் பார்த்துக் கூடி, விழாவை ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஹோட்டல் வாசலில் கூடாரம், பேக்பைப் இசை, நினைவுக்கல் திறப்பு. விருந்துக்குப் புகையூட்டிய ஹெர்ரிங் மீன் கொண்டுவரச் சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

ஹோட்டல் கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நூறு வருஷமாக அணையாத நெருப்பு என்று வாசல் பலகையிலேயே போட்டிருக்கும். குழுவினர் அதைச் சுற்றித் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"மே மாசம் மழையும் கொசுவுமா இருக்கும் டோலினா, யாரு வருவா?" என்றார் ஃபார்கர்.

"யாருகிட்ட கத விடுற? மே மாசந்தான் இங்க காயும். கொசு புடுங்குறது ஜூலைல. உண்மையச் சொல்லு."

ஃபார்கர் கரண்டியால் தேநீரைக் கலக்கினார். "துரை ஜூலைலதான் படகுல வர்றாரு. பள்ளத்தாக்கு இப்ப அவரோடது. கல்லத் திறந்து வைக்கச் சம்மதிச்சிருக்காரு."

"ஓ! அன்னிக்கும் ஜமீன் வசதிக்குக் கெளம்பினோம். இன்னிக்கு அழறதுக்கும் அவன் வசதி பாக்கணுமா? உங்கப்பன் செத்த நாள, ரூம் காலியா இருக்கற நாளாப் பாத்தா கும்புடுற?"

யாரோ இருமினார்கள். இஷ்பெல்லும் அங்கே இருந்தாள், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள்.

"இருநூறு வருஷம் ஆச்சும்மா. ரெண்டு மாசத்துல என்ன கெட்டுச்சு? உக்காரு. டீ குடி" என்ற ஃபார்கர், தட்டிலிருந்த பெரிய பால்குடுவையைத் தூக்கினார். "ஊத்தட்டா? இன்னும் மே வரலையே."

டோலினா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். கணப்புக்கு முன்னால் போய் நின்று, அவசரமே இல்லாமல் கவிழ்த்தாள். நெருப்பு சீறிக் கறுத்தது. தீய்ந்த பாலின் நாற்றம் கூடமெங்கும் பரவியது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, காலிக் குடுவையைத் திரும்பவும் ஃபார்கரின் கையில் கொடுத்தாள்.