மண்வெட்டியும் அரை ஏக்கரும்

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையில் பெய்தால்தான் நிரம்பும் ஏரி ஒன்று உண்டு. அந்தத் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடுபவர் நீர்பாய்ச்சி பாவாடை. அவர் கையில் இருப்பது ஒரு மண்வெட்டி. ஆனால் இருபது ஏக்கர்க்காரர்கூட வரப்பில் நின்று, "பாவாட, நம்ம பக்கம் எப்ப வரும்?" என்று குழைவார். ஊரில் பிரசிடெண்டுக்கு அடுத்த அதிகாரம் அவருக்குத்தான் என்றால் சிரிப்பீர்கள். தை மாதத்தில் வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஏரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம் உள்ளவனும் நீர்பாய்ச்சியாக இருக்கக்கூடாது. தன் பயிர் காயும்போது எவன் கையும் ஒரு பக்கம் இழுக்கும் என்று தெரிந்துதான் வைத்தார்கள். தண்ணீர் குறைந்துவிட்டால் கடைமடையில் தொடங்கித்தான் மேலே வரவேண்டும் என்பதும் வழக்கம். இருபது வருஷமாகப் பாவாடை எதையும் மீறவில்லை. மீறி என்ன செய்ய? அவருக்கென்று ஓரடி மண் கிடையாது.

அதைத்தான் பிரசிடெண்ட் சின்னராசு மாற்றினார். எண்பத்தேழில், மதகுக்குப் பக்கத்தில் தன் வயலை ஒட்டிய அரை ஏக்கரைப் பாவாடைக்கு, விளைச்சலில் பங்கு அளக்கும் வாரத்துக்குக் கொடுத்தார். "வாரம்தானே, சொந்தமா இன்னா? வழக்கம் ஒண்ணும் கெட்டுடாது, நட்டுக்க." பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. கெட்டிக்காரர்கள் கேட்பதில்லை. பாவாடையின் மனைவி காசியம்மாள் காலமெல்லாம் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவள். தன் நாற்றைத் தானே நட்ட அன்று கரையேற மனமில்லாமல் சேற்றிலேயே நின்றாள். பாவாடைக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வருஷம் மலை ஏமாற்றியது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஏரியில் ஒரு முறை பாய்ச்சும் தண்ணீர்தான் மிச்சம். கடைமடையில் ரங்கம்மாள், புருஷன் போனபிறகு தனியாகப் பயிர் வைத்தவள், வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தாள். பாவாடை மதகைத் திறந்தார். அரை நாள் மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேல்மடையை வெட்டினார். அந்தத் தண்ணீர் பிரசிடெண்ட் வயலில் பாய்ந்துதான் தன் வயலுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலையில் ரங்கம்மாள் கேட்டாள். "இன்னா பாவாட, தண்ணி வரலியே?"

"மேல கரை ஒடைஞ்சிபோச்சிம்மா. அடைச்சிக்கினு இருக்கேன்."

இருபது வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய். அவள் அப்படியே நம்பினாள், அதுதான் வினையாயிற்று. உடைப்பை அடைக்க ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று, உச்சிவெயிலில் ஒரு கூடை களிமண்ணைச் சுமந்துகொண்டு வாய்க்கால் கரையோடு மதகுவரை வந்துவிட்டாள். வழியில் எங்கும் உடைப்பில்லை. பாவாடையின் வயலில் தண்ணீர் நிறைந்து நின்றது. அவள் திட்டியிருந்தால் தேவலை. கூடையை இறக்கிவைத்து, "ஒன் பயிரா? நல்லா வந்திருக்குது" என்றாள். பாவாடைக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சாயங்காலத்துக்குள் பாசனக்காரர்கள் எல்லோரையும் அவரே ஏரிக்கரைக்குக் கூப்பிட்டார். மண்வெட்டியை நடுவில் வைத்தார்.

"பயிர வச்சிக்கினு தண்ணி பங்க என்னால முடியலங்க. காலைல ரங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். வேற ஆள பாத்துக்குங்க."

சின்னராசு சிரித்தார். "ஒலகத்துல எவன் தன் வயலுக்கு வுட்டுக்கல? எடு மம்மட்டிய."

"வேணாங்க."

சிரிப்பு நின்றது. "மம்மட்டிய வச்சிட்டா வயலையும் வுட்டுட்டுப் போ."

அந்த அரை ஏக்கர் எதற்கான கூலி என்பது அத்தனை பேருக்கும் அப்போது விளங்கிவிட்டது. பாவாடை கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். காசியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சரி என்று தலையை அசைத்தாள்.

"வுட்டுட்டேங்க" என்றார்.

கூட்டம் கலையப் பார்த்தபோது ரங்கம்மாள் முன்னால் வந்து மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப ஒனக்கு நெலம் இல்ல இல்ல? புடி. என் பயிரு காயுது."

பாவாடை வாங்கிக்கொண்டார். மேல்மடையை அடைக்க வந்ததும் அவர் நின்றுவிட்டார். மண்வெட்டி மண்ணில் இறங்கவில்லை. கூடவே வந்த காசியம்மாள் குனிந்தாள். தன் வயலுக்குப் போகிற தண்ணீரை, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளித் தானே அடைத்தாள்.