பாரா முறை நின்ற வருஷம்

வறுத்த புளியங்கொட்டை வேகும்போது வரும் வாசனை, காய்ந்த தோலைத் தணலில் போட்டதுபோல இருக்கும். தோலை உரித்து, உப்புப் போட்டு, மெத்தென்று ஆகும்வரை வேகவைத்துத் தின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடித்தாலும் விடாது, வயிறு மட்டும் நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்லும். மறுநாள் காலையில் படுகிற பாட்டை இங்கே எழுத முடியாது. வேப்பனப்பள்ளிப் பக்கத்தில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கிணற்றடியில் சண்டை போட்டுக்கொள்ளும் எங்கள் ஊரில், மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது என் அம்மா எங்களுக்குப் போட்ட சாப்பாடு அதுதான், ஏனென்றால் களி கிண்ட ராகி இல்லை.

அது இத்தனை வருஷம் கழித்து ஏன் ஞாபகம் வந்தது என்றால், ஓசூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் செல்வத்தால். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் இல்லாத பொழுதில் சர்க்கார் பரீட்சைக்குப் படிப்பான். வாய்விட்டுப் படித்தால்தான் அவனுக்கு ஏறும். எனக்குப் பள்ளிக்கூட வாசனை கிடையாது, ஆகவே அவன் படிப்பில் பாதி என் படிப்பு. இதையும் நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான். போன மாசம் ஜெர்மனிப் பாடம். சண்டையில் தோற்ற தேசம், ரொட்டி வாங்கக் கூடை நிறையப் பணம் கொண்டுபோன ஜனங்கள், அது ஒருவழியாகச் சரியாகி மூச்சுவிட்ட பிறகு உலகம் முழுக்க வியாபாரம் படுத்து, பட்டறைகள் மூடி, லட்சம் லட்சமாக ஆட்கள் வேலையில்லாமல் தெருவில் நின்றது, எந்தக் கட்சியாலும் நிலையாக ஆள முடியாமல் போனது, எல்லாவற்றுக்கும் யூதர்கள்தான் காரணம் என்று ஒருவன் மேடை மேடையாகக் கத்தியது, அவனுடைய ஓட்டு கொஞ்சம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் பெரிய மனிதர்களே அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தது. நான் முட்டி வலியோடு படியேறிப் போனேன்.

"தம்பி, அத இன்னொரு வாட்டி படி."

"எத, தாத்தா?"

"கூப்புட்டு உக்கார வச்சாங்கன்னியே, அத."

"ஆமா தாத்தா. இவன நம்ம புடிச்சு வச்சுக்கலாம்னு நெனச்சாங்களாம். உங்களுக்கு எதுக்கு இது, பரீட்ச எழுதப் போறீங்களா?"

எங்கள் ஊர்ச் சங்கதியை அன்றைக்குத்தான் அவனுக்குச் சொன்னேன்.

ஊர்க் காவலை நாங்கள் 'பாரா' என்போம். பொதுவில் ஒரு மூங்கில் தடி உண்டு. சாயங்காலம் அது எந்த வீட்டு வாசலில் சாத்தியிருக்கிறதோ அந்த வீட்டு ஆண்பிள்ளை அன்று ராத்திரி களத்தையும் கொல்லைப் பயிரையும் காக்க வேண்டும், விடிந்ததும் தடியைப் பக்கத்து வாசலில் சாத்திவிட வேண்டும். ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான மேட்டுவீட்டுக்காரர் வாசலுக்கும் அது போகும், கூலிக்காரர்களான எங்கள் குடிசைக்கும் வரும். அவர் தானே காவலுக்குப் போகமாட்டார், பண்ணையாளை அனுப்புவார் என்பது வேறு விஷயம். ஆனால் தடி போகும். அதற்கு 'முறை' என்று பேர்.

பஞ்சத்தில் கொல்லையில் நின்ற கொஞ்சநஞ்சக் கதிரும் திருட்டுப் போனது. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஏதோ மில்லை மூடிவிட்டார்கள் என்று நஞ்சப்பன் ஊருக்குத் திரும்பினான். காலில் பூட்ஸ், வயலில் இறங்க மனசில்லை, நாள் முழுக்கப் புளியமரத்தடியில் பேச்சு. "துரை வர்றாரு, வழி உடுங்கடா" என்று அவனைக் கேலி செய்வார்கள்.

"முறையாம் முறை!" என்பான். "பசியில கெடக்கறவனக் காவலுக்கு அனுப்புனா ஒண்ணு தூங்குவான், இல்லாட்டி அவனே அறுத்துக்குவான். தடிய எங்கிட்டக் குடுங்க, நான் காட்டறேன்."

முதல் வருஷம் சிரித்தார்கள். அடுத்த வருஷமும் மழை இல்லை, யாரும் சிரிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித் தடியை அவனிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அது எந்த வாசலுக்கும் போகவில்லை. அவனோடு சேரும் ஆட்களுக்குத் தினமும் ராகிக் கஞ்சி ஊற்றுவதாக மேட்டுவீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். வேலைவெட்டியில்லாமல் கிடந்த என் அப்பா மாரப்பன் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார்.

"கஞ்சிக்குப் போறியா, காவலுக்குப் போறியா?" என்றாள் அம்மா.

"ரெண்டுக்குந்தான்டி. போம்போதே வாய வைக்காத."

அவருக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். எப்போதும் கூனிக்கொண்டே நடக்கிற மனுஷன், அதைக் கழுத்தில் மாட்டிய பிறகு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பொழுது சாய்ந்தால் கஞ்சி குடித்துவிட்டு, மீதியை எங்களுக்கும் சொம்பில் கொண்டுவருவார். நஞ்சப்பனை நாங்கள் எப்படி வெறுக்க முடியும்?

ஊருக்கு வெளியே, கிணறு வெட்ட வந்த தெலுங்குக் குடும்பம் ஒன்று கூடாரம் போட்டுக் கிடந்தது. வெட்டச் சொல்ல ஆளில்லை, திரும்பிப் போக வழியில்லை. நஞ்சப்பன் ஒருநாள் மரத்தடியில் கேட்டான்: "நம்ம ராகிய யாரு தின்றது? அந்தப் பக்கத்துலருந்து வந்த வாய்ங்கதான்டா தின்னுது." எல்லாருமாகப் போய்ச் சட்டிகளைக் கவிழ்த்தார்கள். உள்ளே புளியங்கொட்டைதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் விடவில்லை. அந்த மனுஷனை அவன் வெட்டிய வறண்ட கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டு மேலேயிருந்து கல் போட்டார்கள், கொல்ல அல்ல, அவன் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் ஓடுவதைப் பார்த்துச் சிரிக்க. "அண்ணா, வத்தண்ணா, வத்தண்ணா" என்று கத்தினான். வேண்டாம் என்று அர்த்தம், அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவன் ஒதுங்குகிற பக்கமெல்லாம் அப்பா விசில் ஊதிக் காட்டினார். பிறகு கூடாரத்தைக் கொளுத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள். அதற்குப் பிறகும் கதிர் திருட்டுப் போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்புறம் மழை வந்தது. ஏரி நிறைந்தது, ராகி முழங்காலுக்கு மேல் நின்றது, திருட்டு நின்றது. நஞ்சப்பன் பேச்சைக் கேட்கக் கூட்டம் குறைந்தது. 'இனிமே தடிய முறைக்கு உட்டுரலாம்' என்று கிழவர்கள் சிலர் பேசவும் ஆரம்பித்தார்கள். பஞ்சத்தில் வந்தவன் பஞ்சத்தோடு போயிருப்பான். ஆனால் பஞ்சத்தில், 'மழை வர்ற வரைக்கும்' என்று சொல்லிக் கூலி ராகியைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மழைதான் வந்துவிட்டதே, பழைய அளவைக் கேட்கலாம் என்று எங்கள் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கன்னடம் பேசும் தெருவிலும் கூலிக்காரர்கள்தான். அவர்களையும் கூப்பிட்டோம். "மொதல்ல கெணத்துல எங்களுக்குத் தண்ணி உடுங்க, அப்பறம் கூலியப் பேசலாம்" என்றார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சேர்ந்திருந்தால் களத்தில் கதிரடிக்க ஓர் ஆள் இருந்திருக்காது. இந்தக் கூலிப் பேச்சு காதில் விழுந்ததும் மேட்டுவீட்டுக்காரர் நஞ்சப்பனைக் கூப்பிட்டுத் தானியக் கிடங்குச் சாவியையே கொடுத்தார். "இருக்கட்டும், கவுறு நம்ம கையிலதான இருக்குது" என்று சம்சாரத்திடம் சொன்னதாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த என் அம்மா வந்து சொன்னாள்.

கதிரடித்த அன்று, உச்சி வெயிலில், கூலி அளக்கும்போது அப்பா கேட்டார். தான் பாராக்காரன், தன்னை என்ன செய்துவிடுவார்கள் என்ற தைரியம்.

"அய்யா, மழ வந்துருச்சுங்க. பழைய அளவு போடுங்க."

மேட்டுவீட்டுக்காரர் அப்பாவைப் பார்க்கவில்லை, நஞ்சப்பனைப் பார்த்தார்.

"மாரப்பா, நீ நம்ம ஆளுதான?" என்றான் நஞ்சப்பன்.

"ஆமாண்ணா. அந்த உரிமையிலதான் கேக்கறேன்."

"நம்ம ஆளு கேக்கமாட்டான்டா." தடியைக் கைமாற்றிப் பிடித்தான். "சரி, விசில ஊது. ஆளுங்க வரட்டும், பேசலாம்."

அப்பா ஊதினார். நன்றாகவே ஊதினார். ஒரே பானையில் கஞ்சி குடித்தவர்கள் நாலு பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள். அவருடைய வலது கையைப் பிடித்துக் களத்துக் கல்லுருளை மேல் வைத்து, தடியால் விரல்களை நசுக்கினார்கள். அப்பா ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் அவருக்கு மாமன் மச்சான் முறை. அந்தப் பக்கம் அளப்பது நிற்கவில்லை. சேர்ந்து கேட்கலாம் என்று சொன்ன எங்கள் தெருக்காரர்கள் கூடையை நீட்டினார்கள், பாதி அளவு விழுந்தது, தலையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா சட்டியையும் என் தங்கையையும் தூக்கிக்கொண்டாள். குருபரப்பள்ளி ரோட்டில் கல் லாரிக்காகக் காத்திருந்தபோது, கைக்குச் சுற்றிய துணி முழுக்க நனைந்திருக்க, அப்பா கேட்டார்.

"நான் ஊதாம இருந்திருந்தா?"

"வேற எவனாச்சும் ஊதியிருப்பான். வாய மூடிக்கிட்டு நில்லு."

ஓசூரில் அம்மா ஜல்லி உடைத்தாள், நானும் உடைத்தேன், பிறகு கம்பெனிகள் வந்தன, இந்த வீடு வந்தது. அப்பா அந்தக் கையால் எதையும் பிடிக்காமலே செத்துப்போனார். அடுத்த வருஷம் கன்னடத் தெருவுக்கும் அதே களத்தில் அடி விழுந்தது என்றும், நஞ்சப்பன் வந்தால் மேட்டுவீட்டுக்காரரே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று என்றும் பின்னால் கேள்விப்பட்டோம். கேட்டுச் சந்தோஷப்படக்கூட எங்களுக்குத் தெம்பில்லை.

பாடம் முடிந்த மறுவாரம் செல்வம் தன் வண்டியில் என்னை அங்கே கூட்டிப்போனான். ஏரி இல்லை. கல் குவாரித் தண்ணீர் பச்சையாக நிற்கிறது. களம் இருந்த இடத்தில் மாங்கூழ் கம்பெனிக்குப் போகும் லாரிகள் நிற்கின்றன. எங்கள் தெரு இருந்த இடம் முழுக்க மாந்தோப்பு. ஒரு பையன் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். இங்கே முன்பு குடிசைகள் இருந்தனவே என்று கேட்டேன்.

"இங்கயா? இங்க எப்பவுமே யாரும் இருந்ததில்லியே தாத்தா. இது எங்க தாத்தா கைப்பட வச்ச தோப்பு. பாராக்காரர் நஞ்சப்பன் வீடுன்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும்." நல்ல பையன். வெயிலில் நிற்காதீர்கள் என்று நிழலுக்குக் கூட்டிப்போனான், தண்ணீர் கொடுத்தான், பழுத்ததாகப் பார்த்து ஒரு பை நிறைய மாம்பழம் பொறுக்கிப் போட்டான், காசு வாங்கவே மாட்டேன் என்றான்.

செல்வம் என் முகத்தைப் பார்த்தான். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேருமாக அறுத்துத் தின்றோம். பழம் நல்ல இனிப்பு.