ஆளில்லாத இடம்

வீட்டு வாசல் ஒழுங்கையில் பேரன் பந்தை மதிலில் அடித்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தம் கேட்டாலே என் கால் கூசும்.

என் இளவயதில் கடற்கரைப் பெடியள் நாங்கள் ஒரே விதமாகத்தான் உதைபந்து விளையாடினோம். காற்றோடு பந்தைத் தூக்கி அடித்துவிட்டு எல்லோரும் அதற்குப் பின்னால் ஓடுவோம். சாவகச்சேரியிலிருந்து வந்த புதுப் பயிற்சியாளர் அதை நிறுத்தினார்.

"ஆள் நிக்கிற இடத்துக்கு அடிக்காதை. ஆளில்லாத இடத்துக்கு அடி, ஆள் வரும்."

பெடியள் சிரித்தார்கள். இடப்பக்கம் ஓடும் என் அண்ணை சிரிக்கவில்லை.

"மீன் வரப்போற இடத்திலைதானே நாங்களும் வலை விடுறம். நீ பாராமல் அடி, நான் வருவன்" என்றார்.

வந்தார். ஒருமுறைகூடப் பிந்தவில்லை.

அந்த மாரிமழைக் காலத்தில் அவர் கடற்றொழிலுக்குப் போன வள்ளம் வெறுமையாகக் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை செய்ய அம்மா விடவில்லை. "அவன் வருவான்" என்று தினமும் அவருக்குச் சோறு போட்டு மூடிவைத்தார். ஊர் அம்மாவைப் பைத்தியம் என்றது.

அடுத்த போட்டியில் நான் பாராமலே இடப்பக்கம் அடித்தேன். அண்ணைக்குப் பதிலாக வந்தவன் அசையவில்லை. பந்து தனியே உருண்டு கோட்டைத் தாண்டியது. எதிரணிகூட அதை எடுக்கப் போகவில்லை.

இப்போது பேரனின் பந்து என் காலடிக்கு வருகிறது. திருப்பி அடிக்கிறேன். அது அவனிடம் போகாமல், இடப்பக்கம், ஒழுங்கையின் வெறும் மூலைக்குப் போகிறது.

"அம்மப்பா, அங்கை ஒருத்தரும் இல்லையே."

"பொறு, அப்பன்" என்கிறேன்.